முதுகுப்பையில் ஒரு கல்: ஊஸ்டரிலிருந்து கிளாறுஸ் பள்ளத்தாக்குக்கு

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் ஊஸ்டரில் இருக்கும் தமிழர் வீட்டில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். முதல் நாள் சூரிச் ஏரி, இரண்டாம் நாள் லூசேர்ன் மரப்பாலம், மூன்றாம் நாள் ஏதாவது ஒரு பனிமலை, நாலாம் நாள் சொக்கிளேற் வாங்கக் கடை. இந்தச் சுற்றை நான் எத்தனை தரம் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. போன ஒக்ரோபர் கடைசியில் வந்த விருந்தாளி இந்த நாலும் வேண்டாம் என்றுவிட்டார். அவர் போகக் கேட்டது கிளாறுஸ் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊருக்கு.

வந்தவர் என் சம்பந்தி டேல், மகள் டிலானியின் மாமனார். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் சோளமும் சோயாவும் விதைத்த கமக்காரர். எழுபத்துமூன்று வயது, மனைவி இல்லை, காணி இப்போது பக்கத்துக் கமக்காரரிடம் குத்தகையில் இருக்கிறது. அவருடைய மகன் றயன் சூரிச்சுக்குக் கணினி வேலைக்கு வந்த இடத்தில்தான் எங்கள் பிள்ளையைக் கண்டான். ஆங்கிலத்தில் சம்பந்தி என்ற உறவுக்குச் சொல்லே கிடையாதாம். அதனால் டேல் என்னை ஜோசப் என்று கூப்பிடுகிறார். நான் அவரை ஒன்றும் கூப்பிடுவதில்லை. சம்பந்தியைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது?

மகள் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, மாமாவின்ர பூட்டனாக்கள் அமெரிக்காவுக்குப் போக முதல் கிளாறுஸில ஒரு மில்லில வேலை செய்தவையாம். அந்த ஊரைப் பாக்க வேணுமாம். எனக்கும் றயனுக்கும் அண்டைக்கு வேலை, டீன்ஸ்ற், வரேலாது. நீங்கள்தானே ஊர் சுத்துற ஆள், கூட்டிக்கொண்டு போங்கோவன்."

ஊரைப் பார்க்க என்றுதான் சொன்னாள். நானும் சரி என்றேன். மில், மலை, ஆறு, ஒரு காப்பி, திரும்பி வரலாம் என்று நினைத்திருந்தேன்.

புறப்படுகிற சனிக்கிழமை காலையில் என் மனைவி ஜெசிந்தா வழியில் தின்ன இறைச்சி ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்க, டேல் தன் முதுகுப்பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் மினுக்கிய கருங்கல். அதில் ஆனெஷ்கா என்று ஒரு பெயர். கீழே செக் மொழியில் ஒரு வரி. "உன்னை மறக்கவில்லை" என்று அர்த்தமாம். அவருடைய பூட்டியின் முதல் பிள்ளை அந்த ஊரில் இறந்ததாம். அந்த நேரம் மரச்சிலுவை நடத்தான் அவர்களுக்கு வசதி இருந்ததாம், அது எப்போதோ உக்கிப் போயிருக்கும், அதனால் இந்தக் கல்லைக் குழந்தையின் குழியில் வைக்கப் போகிறேன் என்றார். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

இனிப் பயண விபரம். ஊஸ்டரில் காலை எட்டரை மணி போல ரயில் ஏறினோம். ராப்பர்ஸ்விலில் ஒருமுறை, சீகல்புறுக்கில் ஒருமுறை மாற வேண்டும். எழுபத்தைந்து கிலோமீற்றர் மட்டில் தூரம், மாறும் நேரத்தோடு ஒன்றே முக்கால் மணித்தியாலம். முன்கூட்டியே வாங்கும் சலுகை நாள் ரிக்கற் எங்களுக்கு ஆளுக்கு 39 பிராங் வந்தது. அரைக்கட்டண அட்டை இல்லாதபடியால் டேலுக்கு அறுபதுக்கு மேல். கடைசி நேரத்தில் எடுத்தால் இன்னும் ஏறும், பிறகு என்னைத் திட்ட வேண்டாம். ராப்பர்ஸ்வில் தாண்டியதும் ஏரி தெரிய வலது பக்கம் இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குப் பனிப்புகார் மூடியிருந்தது, எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

நான் வயோதிபர் இல்லத்தில் சமையல்காரன். என் ஆங்கிலம் சட்டி பானையோடு நிற்கிற ஆங்கிலம். ஆனாலும் டேல் ஆறுதலாகக் கதைக்கிற மனிதர், விளங்கிக்கொண்டேன். அவருடைய பூட்டன் வாட்ஸ்லாவும் பூட்டி ஆன்னாவும் பொஹீமியாவில் கைத்தறி நெய்தவர்கள். மில் துணி வந்து தறி படுத்துவிட்டது. ஒஸ்ரியச் சக்கரவர்த்தியின் பட்டாளத்துக்கு வேறு ஆள் பிடித்தார்கள். இரண்டு பேரும் கலியாணம் கட்டிய கையோடு புறப்பட்டு, வழியில் காசு முடிந்த இடத்தில் நின்றார்கள். அந்த இடம் கிளாறுஸ். எந்த மெசின் தங்கள் தறியைத் தின்றதோ அதே மெசினில் கூலிக்கு நின்று கப்பல் காசு சேர்த்தார்கள். பிள்ளை பிறந்தது, காய்ச்சலில் இறந்தது. அதற்கடுத்த இளவேனிலில் பாசல் வழியாகப் பிரெஞ்சுத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டார்கள்.

நெப்ராஸ்காவில் அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு நூற்றறுபது ஏக்கர் கொடுத்ததாம், ஐந்து வருடம் குடியிருந்து உழுது காட்ட வேண்டும். அங்கே முன்பு இருந்த ஆதிக்குடிகளைத் துரத்திவிட்டுப் பிடித்த நிலம் அது என்பதையும் டேல் தானாகவே சொன்னார். மன்னாரில் எங்களைக் கிளப்பிவிட்டு எங்கள் காணியில் எத்தனை வருடம் யார் இருந்தார்கள் என்பதை நானும் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நூற்றறுபது ஏக்கர் என்றதைக் கேட்டு ஜெசிந்தா கணக்குப் போட்டாள். அவள் யாழ்ப்பாணத்து ஆள், காணியைப் பரப்பில்தான் எண்ணுவாள். "ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ரெண்டாயிரத்து ஐந்நூறு பரப்புக்கு மேலயெல்லோ? அவ்வளவையும் ஆர் கூட்டுறது?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். டேல் விழுந்து விழுந்து சிரித்தார்.

மரமே இல்லாத வெளியாம். புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்களாம். மழைக்குக் கூரையிலிருந்து சேறு ஒழுகும், சில நேரம் பாம்பும் விழும். ஒரு வருடம் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்று முடித்துவிட்டு, கொடியில் காய்ந்த உடுப்பையும் தின்றதாம். எப்படியோ நின்று பிடித்தார்கள். செக்காரர்கள் சேர்ந்து ஒரு கோயில் கட்டினார்கள், ஆட்டத்துக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள், மேட்டில் சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, இடம் எடுத்தார்கள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் தங்களுடையதைச் சொல்வது போலத்தான் டேல் அதைச் சொன்னார். ஒவ்வொரு கல்லின் கீழும் யார் என்று அவருக்குத் தெரியும். செக் மொழி அவருடைய அம்மாவோடு போய்விட்டது. இவருக்குத் தெரிந்தது செபமும் ஏச்சும் மட்டும்தான்.

மே மாதக் கடைசியில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் குடும்பமே சேமக்காலைக்குப் போகும். ஒவ்வொரு கல்லறைக்கும் பியோனிப் பூ ஒரு கொத்து. எல்லாம் வைத்த பிறகு ஆன்னாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் புல்லில் இன்னொரு கொத்து வைப்பார்கள். அது ஆனெஷ்காவுக்கு. ஆன்னா தொடங்கிய பழக்கம், பிறகு மகள், பிறகு பேத்தியான டேலின் அம்மா. போன குளிர்காலத்தில் அம்மாவும் போய்விட்டார். "இப்போது அந்தக் கொத்து யாருக்கு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் போனால் அந்தப் பிள்ளை இருந்ததே இல்லை என்றாகிவிடும்" என்றார் டேல். துவாய்ப் பொதியை அவர் மடியில் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். சுவிஸில் கல்லறை நிரந்தரம் கிடையாது. இருபது, இருபத்தைந்து வருடம், மாநிலத்துக்கு மாநிலம், இங்கே கன்ரோன் என்பார்கள், கொஞ்சம் மாறும். தவணை முடிந்தால் கல்லை எடுத்துவிட்டு நிலத்தை மட்டப்படுத்திப் புல் விதைத்துவிடுவார்கள். பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவார். இங்கே இருக்கிறவர்களுக்கு இது குப்பை எடுக்கிற நாள் மாதிரி சாதாரணம். டேல் தேடி வந்த பிள்ளையைப் புதைத்து நூற்றுச் சொச்சம் வருடம்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் ஜெசிந்தா தமிழில், அவருக்கு முன்னால் சிரித்த முகத்தை மாற்றாமல்.

"நீர் சொல்லும். உம்மிலதான் அந்தாளுக்கு வாரப்பாடு."

"என்ர இங்கிலீசில சொன்னா செத்த பிள்ளை எழும்பி வந்திட்டுது எண்டு விளங்கிக்கொள்ளும். நீங்கள்தானே ஆம்பிளை, சொல்லுங்கோ."

"சில நேரம் அங்க கிடக்கும். பழைய ஊர்தானே."

"கிடக்காது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

சீகல்புறுக்கில் சொல்லலாம் என்று நினைத்தேன், ரயில் மாறும் அவசரம். கிளாறுஸில் சொல்லலாம் என்று நினைத்தேன், அவர் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு இருந்தார். பெண் கொடுத்த இடம். முகத்துக்கு நேரே இல்லை என்ற சொல்லைச் சம்பந்திக்குச் சொல்லி நமக்குப் பழக்கமில்லை. சோறு போதும் என்றுகூட அவர்களுக்குச் சொல்லமாட்டோம். அப்படி இப்படி என்று இறங்கும் இடமே வந்துவிட்டது. ஒரு தகவல்: பள்ளத்தாக்கின் உள்ளே லிந்தால் பக்கம் சில நிறுத்தங்களில் பட்டனை அழுத்தினால்தான் ரயில் நிற்கும். நான் அழுத்தினேன்.

ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். நூறு வீடு தேறாது. ஆற்றங்கரையில் பழைய நூல் மில், நாலு மாடி, இப்போது பாதி குடியிருப்பு, பாதி பூட்டிக் கிடக்கிறது. அதற்கு எதிரே, பாலத்தைத் தாண்டி ஐந்து நிமிடம் ஏறினால் கத்தோலிக்கக் கோயில். ஆன்னா சொல்லிவிட்டுப் போன அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்தன, மில், பாலம், ஏற்றம், கோபுரம். டேல் எங்களுக்கு முன்னால் நடந்தார். அந்த வயதில் அந்த ஏற்றத்தில் அப்படி நடந்தவரை எட்டிப் பிடிக்க எங்களால் முடியவில்லை.

சேமக்காலையில் இரண்டு வரிசைக் கல்லறைகள். எல்லாம் புதுக் கல்லு. மிச்சம் முழுதும் வெட்டிய புல். டேல் முதல் வரிசை பார்த்தார், இரண்டாம் வரிசை பார்த்தார், பிறகு மதில் ஓரம் முழுக்கச் சுற்றினார். பழையது எங்கே என்று என்னைக் கேட்டார். அப்போது ஒரு சுவிஸ் அம்மா பூவாளியோடு வந்தார். நான் ஜேர்மன் மொழியில் விசாரித்தேன். பழையது ஒன்றும் இல்லை, எல்லாம் எடுத்தாயிற்று, தன் அம்மா அப்பாவுடையதும் போய்விட்டது என்றார். பக்கத்துக் கல்லைக் காட்டி, "என் மனுசனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது" என்றார். அதை மொழிபெயர்த்தபோது டேல் என்னை நம்பவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்.

பிறகு கேட்டார், "உனக்கு இது முன்பே தெரியுமா?"

ஓம் என்றேன்.

"தெரிந்துகொண்டா என்னைக் கல்லோடு இந்த மலை ஏற விட்டாய்?"

அவருடைய முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது என்று இருந்தது. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஜெசிந்தா எனக்கு முன்னால் வந்து நின்றாள். ஆங்கிலமும் ஜேர்மனும் கலந்து, விரலை நெஞ்சில் வைத்து, எங்களுக்கும் ஒரு பிள்ளை என்றாள்.

எங்கள் மூத்தவன் யூட். நாங்கள் அகதியாக வந்து முகாம் அறையில் இருந்த காலத்தில் பிறந்தான், குறை மாதம். ஒரு கிழமைதான் இருந்தான். டிலானி அதற்குப் பிறகு பிறந்தவள். ஊஸ்டரில் அடக்கம் செய்தோம். முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்து தமிழில் பெயர் வெட்டி ஒரு சின்னக் கல் வைத்தோம், ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளில், மெழுகுதிரி கொளுத்தினோம். இருபது வருடம் கழிய ஒருநாள் கல்லில் அறிவித்தல் ஒட்டியிருந்தது, தவணை முடிகிறது, கல் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று. எடுத்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் வைக்க ஜெசிந்தாவுக்கு மனமில்லை, எறிய எனக்கு மனமில்லை. நிலவறையில் பனிக்காலக் கார்ச் சில்லுகளுக்குப் பின்னால் அது இன்னும் கிடக்கிறது. அவனுடைய இடத்தில் இப்போது யார் என்று நாங்கள் போய்ப் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஜெசிந்தா டேலுக்குச் சொன்னாள். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. சில்லு என்பதற்கு அவள் கையால் வட்டம் போட்டுக் காட்டினாள்.

டேல் மதில் விளிம்பில் போய் இருந்தார். பிறகு பக்கத்தில் தட்டி ஜெசிந்தாவையும் இருக்கச் சொன்னார். அந்தச் சுவிஸ் அம்மா ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு சிவப்பு மெழுகுவிளக்கை எடுத்துத் தந்தார். பெரிய சிலுவையின் அடியில் கொளுத்தி வைத்தோம். டேல் தனக்குத் தெரிந்த செக் செபத்தைச் சொன்னார், நாங்கள் தமிழில் பரலோக மந்திரம் சொன்னோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஊரில் இருப்பது ஒரே ஒரு உணவகம், பதினொரு மணிக்குத்தான் திறக்கும். காப்பி 5.20 பிராங். அங்கே வைத்துத்தான் டேல் சொன்னார், ஆனெஷ்காவின் கல்லைத் திருப்பிக் கொண்டுபோகிறேன், பூ வைக்கிற அந்த வெறும் புல்லில் தாய்க்குப் பக்கத்தில் நடப்போகிறேன் என்று. நல்லது என்றேன். "அங்கே நிறைய நிலம் இருக்கிறது. ஒருவரும் ஒருவரையும் எடுக்கமாட்டார்கள். உங்கள் பையனின் கல்லையும் தாருங்கள்," என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். திரும்பும் ரயிலில் டேல் கண் அயர்ந்த நேரம் ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"என்ன கதை இது? அமெரிக்காவோ? அவன் அந்த நாட்டைக் கண்டதே இல்லை."

"இந்த நாட்டை மட்டும் கண்டவனோ?" என்றாள். "ஆசுப்பத்திரியை விட்டு வெளியில வராத பிள்ளை. இஞ்ச ரயருக்குப் பின்னால கிடக்கிறதுக்கு அங்க ஒரு பிள்ளையோட கிடக்கட்டும். ரெண்டும் மூத்ததுகள்."

ராப்பர்ஸ்வில் வந்தபோது மிச்சமிருந்த ரோல்ஸை எடுத்து என் கையில் வைத்தாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் இறங்கிச் சில்லுகளை நகர்த்தினேன். ஜெசிந்தா கல்லைக் குளியலறைத் தொட்டியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அளவு நேரம் எடுத்தாள். இரண்டு கல்லும் சேர்ந்து பெட்டி நிறை கூடிவிட்டது. டேல் தன் மலைச் சப்பாத்தையும் தடித்த மேலங்கியையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

இனி இந்த வழியே போக நினைப்பவர்களுக்கு. உங்கள் மருமகனோ மருமகளோ வேற்று நாட்டுக் குடும்பம் என்றால், அவர்களுடைய முன்னோரைத் தேடி இங்கே வருகிறார்கள் என்றால், கல்லறை இருக்காது என்பதை ரிக்கற் எடுக்க முதலே சொல்லிவிடுங்கள். மரியாதை பார்த்துக்கொண்டு மலை ஏற்றாதீர்கள். ஊரையும் மில்லையும் கோயிலையும் பார்க்கலாம், அதற்கே ஒரு நாள் போதாது. மெழுகுவிளக்கு கையோடு கொண்டு போங்கள், அங்கே கடை இல்லை. மழைச் சப்பாத்து போடுங்கள். ஞாயிறில் போகாதீர்கள், உணவகமும் பூட்டு.

மே மாதக் கடைசியில் டேல் ஒரு படம் அனுப்பினார். மேட்டுச் சேமக்காலை, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் அப்போதுதான் முளைத்த சோளம். ஆன்னாவின் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் இரண்டு சின்னக் கல், ஆளுக்கு ஒரு கொத்து பியோனி. யூட் என்ற தமிழ் எழுத்தை அங்கே வாசிக்க ஆளில்லை என்பதால், யாரென்று கேட்பவர்களுக்கெல்லாம் தன் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்கிறாராம்.

சூரிச்சிலிருந்து ஓமஹாவுக்கு நேர் விமானம் இல்லை, சிக்காகோவில் மாற வேண்டுமாம். முப்பது வருடமாக எந்தப் பயணத்துக்கும் கூப்பிட்டால் முழங்காலைக் காட்டுகிற ஜெசிந்தாதான் இந்த முறை தினமும் ரிக்கற் விலை பார்க்கிறாள். ஒக்ரோபரில் அந்தப் பக்கம் எவ்வளவு குளிரும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எங்கள் மகனைப் பார்க்கப் போகிறோம்.